பீடி சுற்றும் பெண்களிடம் நூலகம் எப்படிப் போவது?

கேள்வி: தென்காசி மாவட்டக் கிராமம் ஒன்றில், ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று தினமும் அதே இருபது முகங்கள்தான். ஊரில் பாதிப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஒருவர்கூட நூலகத்துக்கு வருவதில்லை. நோட்டீஸ் கொடுத்தோம், நூலக வார விழாவில் கோலப் போட்டி நடத்தினோம். கோலம் போட வந்தார்கள், பரிசு வாங்கினார்கள், அதோடு சரி. வேறு என்ன செய்யலாம்?

பதில்: கோலம் போட வந்தார்கள் என்பதே நல்ல செய்தி. நூலகத்தின் மேல் அவர்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, நேரம்தான் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மடியில் சொளகை வைத்து உட்கார்ந்தால், கடையில் கொண்டுபோய் ஒப்படைக்கும்வரை வேலை ஓயாது. அப்புறம் உலை வைக்க வேண்டும். இதில் எந்த நேரத்தில் நூலகத்துக்கு வருவார்கள்? அவர்களை எப்படி வரவைப்பது என்ற யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். யார் யார் எந்தத் திண்ணையில், எத்தனை மணிக்குச் சேர்ந்து உட்கார்கிறார்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். ஒரு பெட்டியில் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நீங்கள் போக வேண்டிய இடம் அதுதான்.

நம் ஊரில் இது புதிதும் இல்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் தூண்டுதல் அது. பரோடா சமஸ்தானத்தில் அதற்கும் முன்பே மரப்பெட்டிகளில் புத்தகம் ஊர் ஊராகப் போனது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நம் மாநிலத்தில் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி உண்டு. திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற அக்கா வீட்டிலிருந்தும் அந்தப் பத்துப் பைசா போகிறது. அவருக்கு உரியதைத்தான் கொண்டுபோகிறீர்கள், தயங்காமல் போங்கள்.

ஆனால் பெட்டியைத் திறந்து வைத்தவுடன் யாரும் எடுத்துவிட மாட்டார்கள். இலையைக் கத்தரித்து, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்குவது வரை கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால் முதலில் வாசித்துக் காட்டுங்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் இதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். ஒருவர் பேப்பரையும் கதையையும் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படித்தவருக்குக் குறைகிற பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே இப்படி உரக்கப் படித்துக் காட்ட வாசகர் என்று தனியாக ஓர் ஆள் உண்டு.

உங்கள் திண்ணையில் யார் வாசிப்பது? வாசகர் வட்டத்து ஆண்கள் வேண்டாம். அந்தத் தெருவிலேயே கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணிடம் கேளுங்கள். வாரத்தில் ஒரே நாள், அரை மணி நேரம், டிவியில் மதியத் தொடர் ஆரம்பிப்பதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். நம் பக்கத்துப் பேச்சில் எழுதிய சிறுகதைகள் நன்றாக எடுபடும். நீளமான கதையாக இருந்தால் முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். "மிச்சம் என்ன ஆச்சு?" என்று யாராவது ஒருவர் எடுத்துப் புரட்டுவார். உங்கள் முதல் வாசகர் அவர்தான்.

பெட்டிக்கு இருபது புத்தகம் போதும். மெல்லியதாக, பெரிய எழுத்தில் இருக்கட்டும். பெண்கள் என்றதும் சமையலும் கோலமும் மட்டும் எடுத்து அடுக்காதீர்கள். இந்தத் தவறைப் பலரும் செய்கிறோம். பட்டா மாற்றுவது எப்படி, தைராய்டு என்றால் என்ன, பேய்க்கதை, துப்பறியும் கதை என்று கலந்து வையுங்கள். குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் நாலைந்து கட்டாயம் வேண்டும். "பிள்ளைக்குத்தான்" என்று கூச்சமில்லாமல் எடுத்துப் போகலாம், ராத்திரி அம்மாவும் சேர்ந்து பார்க்கலாம்.

இரவல் நோட்டில் பெயரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கேட்காதீர்கள். எழுத வராதவர் அந்த ஒரு நொடிக்குப் பயந்தே புத்தகத்தைத் தொடாமல் போய்விடுவார். பக்கங்களில் புகையிலைக் கறையும் கட்டைவிரல் தடமுமாகப் புத்தகம் திரும்பி வரும். அதைக் கையில் வாங்கும்போது முகம் சுளிக்காதீர்கள்.

அடுத்தது நூலகரின் கவலை. தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "போனால் போகட்டும்" என்று அவரிடம் சொல்வது நியாயம் இல்லை. முதல் மூன்று மாதம் நூலகப் பதிவேட்டில் இல்லாத, வாசகர் வட்டம் நன்கொடையாகத் திரட்டிய புத்தகங்களை மட்டும் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று தொலைந்தால் தொலையட்டும், அபராதம் வேண்டாம். பழக்கம் வந்தபின் பொது நூலகத் துறையின் 'நூலக நண்பர்கள்' திட்டம் பற்றி நூலகரிடம் பேசுங்கள். நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோக அதில் வழி இருக்கிறது. உறுப்பினர் சேர்க்கைக்கான காப்புத் தொகையையும் சந்தாவையும் வாசகர் வட்டமே கட்டிவிடலாம். பெரிய தொகை ஆகாது.

திண்ணை பழகியதும் பீடிக் கடையைப் பாருங்கள். சுற்றிய பீடியைச் சரிபார்த்து வாங்கும்வரை அங்கே காத்திருக்கத்தான் வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் ஒரு ஓரத்தில் பத்துப் புத்தகம் வைக்கலாம். தூத்துக்குடியில் ஒருவர் தன் சலூனிலேயே நூலகம் வைத்து, உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு முடிவெட்டும் கூலியில் தள்ளுபடி கொடுத்தார்.

எது தவறினாலும் நாளும் நேரமும் தவறக் கூடாது. வியாழன் பதினொரு மணி என்றால் மழை பெய்தாலும், இரண்டே பேர் இருந்தாலும் போக வேண்டும். இரண்டு வாரம் விட்டுவிட்டால் கோலப் போட்டி மாதிரிதான் ஆகும். மூன்றாவது மாதத்தில் ஒருநாள் நூலகரையும் கூட அழைத்துப் போய் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். என்றாவது அவர்கள் நூலகப் படியேறும்போது உள்ளே தெரிந்த முகம் ஒன்று இருக்கும்.