நீனா சிமோனின் முதல் ஆல்பத்தை எப்படிக் கேட்கத் தொடங்குவது?

ஜாஸ் பழக்கமில்லை, நீனா சிமோனின் குரல் மட்டும் பிடிக்கும், அவருடைய முதல் ஆல்பமான 'லிட்டில் கேர்ள் ப்ளூ'விலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். ஆனால், குரலைச் சற்றே ஒதுக்கிவிட்டு முதலில் பியானோவைக் கவனியுங்கள் என்பேன். என் காதுக்கு இது, பாடவும் தெரிந்த ஒரு பியானோ கலைஞரின் ஆல்பம்.

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் ட்ரையான் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்த யூனிஸ் வேமன் (இதுதான் நீனா சிமோனின் இயற்பெயர்), மேற்கத்திய செவ்வியல் இசையின் கச்சேரி மேடைக்காகவே தம்மைத் தயார்செய்துகொண்டவர். பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவருக்கு இடம் தர மறுத்தது. தாம் கறுப்பினத்தவர் என்பதே காரணம் என்று அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். பிழைப்புக்காக 1954இல் அட்லாண்டிக் சிட்டியின் மதுக்கூடம் ஒன்றில் வாசிக்கப் போனவரிடம், பாடினால்தான் வேலை என்று உரிமையாளர் சொல்லிவிடவே, பாடத் தொடங்கினார். மதபோதகரான தாயாருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகச் சூட்டிக்கொண்ட பெயர்தான் நீனா சிமோன்.

இந்தப் பின்னணி தெரிந்தால், 1957இன் இறுதியில் பெத்லஹேம் என்ற இசைத்தட்டு நிறுவனத்திற்காக ஜிம்மி பாண்டின் பேஸ், ஆல்பர்ட் ஹீத்தின் ட்ரம்ஸ் ஆகியவற்றோடு பதிவான இந்தப் பாடல்கள் வேறுவிதமாகக் கேட்கும். 'லவ் மீ ஆர் லீவ் மீ'யில் பாடுவது நின்றதும் இரு கைகளும் தனித்தனி மெட்டுகளைப் பிடித்து, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, செவ்வியல் இசையமைப்பாளர் பாக் எழுதியதைப் போலவே பின்னிப் பின்னிச் செல்ல, கீழே ட்ரம்ஸ் மட்டும் ஜாஸ் தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். தலைப்புப் பாடலில் பியானோ வாசிப்பது 'குட் கிங் வென்செஸ்லாஸ்' என்ற பழைய கிறிஸ்துமஸ் பாடலின் மெட்டை. அதன் மேல்தான் வேறொரு பாடலை அவர் நிதானமாகப் பாடுகிறார்.

இந்த ஆல்பத்தில் எல்லோரும் அறிந்த 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ' எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அது 1987இல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தின் வழியாக பிரிட்டனின் பாடல் தரவரிசையில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. ஆனால் ஆல்பத்தின் உரிமையை 3000 டாலருக்கு அவர் எப்போதோ விற்றிருந்ததால், பெரும் ராயல்டித் தொகை கைநழுவியது.

முதலில் 'யூ வில் நெவர் வாக் அலோன்' கேளுங்கள். லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகர்கள் மைதானத்தில் தொண்டை கிழியப் பாடும் அதே பாடல்தான். இங்கே அவர் ஒரு சொல்லும் பாடாமல் பியானோவில் மட்டுமே வாசித்திருக்கிறார்.