100 எம்.எம். மேக்ரோ லென்ஸில் 1:1 போதவில்லை. குளோஸ்-அப் லென்ஸ் வாங்கலாமா, எக்ஸ்டென்ஷன் டியூப் வாங்கலாமா?

குளோஸ்-அப் லென்ஸ் வாங்குங்கள். நல்லதாக ஒன்று போதும். அது லென்ஸின் முன்னால் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி. டியூப் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய். 1:1 என்றால் பொருள் அதன் உண்மையான அளவிலேயே கேமரா சென்சாரில் விழுவது. கொடைக்கானல் பக்கம் பாசியும் சிலந்தியும் எடுத்துத் திரிகிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

முதலில் கணக்கு. குளோஸ்-அப் லென்ஸின் பலத்தை டயாப்டர் என்ற அலகில் சொல்வார்கள். 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் குவியத்தூரம் மில்லிமீட்டரில் வந்துவிடும். ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோஸ்-அப் லென்ஸ் +8, அதாவது 125 மி.மீ. உங்கள் மேக்ரோவை இன்ஃபினிட்டியில், அதாவது வெகுதூரப் போகஸில் வைத்து இதை மாட்டினால் 100/125, அதாவது 0.8 மடங்கு. அப்படியே 1:1 வரை திருப்பினால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எவ்வளவு தாண்டும் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். இன்றைய மேக்ரோ லென்ஸ்கள் பல கிட்டத்தில் போகஸ் செய்யும்போது தம் குவியத்தூரத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

டியூப் இதற்கு நேர்மாறு. லென்ஸின் குவியத்தூரம் கூடக் கூட டியூபின் பலன் குறையும், குளோஸ்-அப் லென்ஸின் பலன் கூடும். டியூப் வெளிச்சத்தையும் குறைக்கும். முன்னால் மாட்டும் கண்ணாடி அப்படிக் குறைப்பதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் இந்த மலைதான். ஐப்பசி, கார்த்திகையில் வட்டக்கானல் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே மேகம் இறங்கிவிடும். டியூப் மாட்ட வேண்டுமானால் அந்த ஈரக்காற்றில் லென்ஸைக் கழற்றி சென்சாரைத் திறந்து காட்ட வேண்டும். ரேநாக்ஸை இரண்டு பக்கமும் அமுக்கி முன்னால் கவ்வ விட்டால் முடிந்தது. சிலந்தி அதுவரை அங்கேயே இருக்கும்.

ஒற்றைக் கண்ணாடியில் செய்த மலிவான செட்டுகளை வாங்காதீர்கள். ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையும் கசியும். நல்ல மேக்ரோ லென்ஸின் கூர்மை அதோடு போயிற்று. ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்து இந்த நிறக்கசிவைக் குறைத்த, அக்ரோமேட் என்று சொல்லி விற்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இனி சிரமமான பகுதி. பெரிய சென்சாருள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் அபெர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) எஃப்/11 வரை மூடினாலும், 1:1-இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும் தெளிவான ஆழம், இரண்டு மடங்கில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. போகஸ் வளையத்தைத் தொடாதீர்கள். அளவை முடிவுசெய்துகொண்டு, முழங்கையைத் தரையிலோ சுவரிலோ ஊன்றி, உடம்பை மெல்ல முன்னே சாய்த்துக்கொண்டே வரிசையாக எடுங்கள். அபெர்ச்சரை மேலும் மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் படமே மங்கும். பொருள் 12.5 செ.மீ.க்குள் இருப்பதால் பிளாஷ் வெளிச்சம் லென்ஸைத் தாண்டி விழ வேண்டும். முன்பக்கம் வரை நீளும், ஒளியை மென்மையாக்கும் அகலமான டிப்யூசர் அவசியம். காற்றில் ஆடும் பாசிக் காம்பை உறையவைப்பதும் அந்த பிளாஷ்தான்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், பாசியின் வித்துப்பைக்காக. சாலையோரக் கல்சுவரிலேயே கிடைக்கும். மூடி விழுந்த வாயைச் சுற்றிப் பற்கள் வரிசையாக நிற்கும். பல வகைகளில் பதினாறு. பெரும்பாலும் காற்று காய்ந்தால் விரியும், ஈரம் பட்டால் மூடும். 1:1-இல் அது வெறும் புள்ளி. இரண்டு மடங்கில்தான் பல் பல்லாகப் பிரிந்து தெரியும். வெயிலும் மேகமும் மாறி மாறி வரும் காலைப்பொழுதில் ஒரே பையை இரண்டு நிலையிலும் எடுக்கலாம்.

வீடு திரும்பியதும் மேக்ரோ லென்ஸிலிருந்து ரேநாக்ஸைக் கழற்றி, இரண்டையும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தனித்தனியாக வையுங்கள். மாட்டியபடியே பைக்குள் விட்டால் நடுவில் அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.