நெஞ்சில் தட்டுவது ஏன்?

கேள்வி: திருப்பலியின் தொடக்கத்தில் "என் பாவமே, என் பாவமே" என்று சொல்லும்போது என் அம்மம்மா மும்முறை நெஞ்சில் தட்டுவார். இப்போது கோயிலில் பலர் தட்டுவதில்லை. இது வெறும் வழக்கந்தானா?
– வாசகி, பாசையூர்

பதில்: வெறும் வழக்கமன்று, திருப்பலி நூல் இன்றும் அவ்விடத்தில் நெஞ்சில் தட்டும்படியே குறிப்பிடுகிறது. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், வானத்தை ஏறிட்டுப் பார்க்கவும் துணியாது, மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டிய வரிதண்டுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'அறிக்கையிடுகிறேன்' என்று பொருள்படும் இலத்தீன் சொல் வாசகத்தில் காதில் விழுந்த உடனேயே, அது இறைபுகழைக் குறித்த இடத்திலும்கூட, மக்கள் மார்பில் தட்டியதைக் கண்ட பண்டைக்கால ஆயர் புனித அகுஸ்தீனார், அச்சொல்லுக்குப் புகழ்தல் என்ற பொருளும் உண்டெனத் தம் மறையுரையில் விளக்க வேண்டியிருந்தது. அடுத்த வாங்கில் இருப்பவருக்குக் கேட்கும்படி தட்டவேண்டியதில்லை என்பது மட்டும் என் எண்ணம்.