ஐனு மக்களின் மரபணு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜப்பானின் ஐனு மக்களின் மொழிக்கு உலகில் எங்குமே சொந்தம் இல்லையாமே? அவர்கள் உண்மையில் வெள்ளை இனத்தவர் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நிஜமா?

பதில்: வெள்ளை இனத்தவரா? இல்லவே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்குப் போன ஐரோப்பியர்கள், ஐனு ஆண்களின் அடர்ந்த தாடியைப் பார்த்துக் கிளப்பிவிட்ட கதை அது. மரபணுவில் அதற்கு ஆதாரமே கிடையாது. ஐனுக்கள் கிழக்காசியர்கள்தான், ஆனால் மிகப் பழைய கிளை. நெல் விவசாயிகள் கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்து சேர்வதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, வேட்டையாடியும் மீன்பிடித்தும் பானை வனைந்தும் ஜப்பான் தீவுகளில் வாழ்ந்த ஜோமோன் மக்களின் வாரிசுகள்.

ஹொக்கைடோவுக்கு வடமேற்கே ரெபுன் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு ஜோமோன் பெண்ணின் கடைவாய்ப் பல்லிலிருந்து அவருடைய முழு மரபணுத் தொகுப்பையும் பிரித்தெடுத்து, 2019-ல் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. கொழுப்பு நிறைந்த உணவுக்கு ஏற்றதாகக் கருதப்படும், ஆர்க்டிக் மக்களிடம் பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றம் அவரிடம் இருந்தது. கடல் விலங்குகளை வேட்டையாடித் தின்றவர்களுக்கு அது பொருந்தித்தான் போகிறது. அவருடைய காதழுக்கு ஈரமான வகை என்பதுகூடத் தெரிந்துவிட்டது! இந்த ஜோமோன் பங்கு ஐனுக்களிடம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, ஜப்பானின் தென்கோடித் தீவுகளான ஒகினாவாவில் அதைவிடக் குறைவு, டோக்கியோவாசிகளிடம் பத்தில் ஒன்று என்ற அளவில்தான்.

சரி, மீதி? 5-ஆம் நூற்றாண்டு வாக்கில், ஹொக்கைடோவுக்கு வடக்கே உள்ள சகாலின் தீவுப் பக்கமிருந்து வந்து ஹொக்கைடோவின் வடக்குக் கரையில் குடியேறிய ஒகோட்ஸ்க் பண்பாட்டு மக்களின் கலப்பு ஒன்று, பிற்காலத்து ஜப்பானியக் கலப்பு இன்னொன்று. ஆக, மொழி தனியாக நிற்கிறது என்பதற்காக ரத்தமும் கலக்காமல் நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். இன்று நமக்குத் தெரிந்த எந்த மொழியோடும் அதன் உறவை நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். உறவு மொழிகள் சுவடில்லாமல் அழிந்துபோயிருக்கலாம்.

கேள்வி: அந்தமான் பழங்குடிகளும் ஐனுக்களும் ஒரே இனமா?

பதில்: தந்தைவழி ஒய் குரோமோசோமில் 'டி' என்ற பிரிவு இரு தரப்பிலும் உண்டு, திபெத்திலும் உண்டு. ஆனால் கிளைகள் பிரிந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. தந்தைவழி என்பது எண்ணற்ற முன்னோர்களில் ஒரே ஒரு இழை, அதை மட்டும் வைத்து இனம் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: இந்த ஆய்வுகளுக்கு ஐனுக்கள் சம்மதித்தார்களா?

பதில்: முக்கியமான கேள்வி. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐனு கல்லறைகளைத் தோண்டி, குடும்பத்தாரைக் கேட்காமலேயே எலும்புகளைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோனார்கள், ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் எலும்புகளை. வாரிசுகள் வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்ட பிறகு, 2016-ல் 12 பேரின் எலும்புகள் ஹொக்கைடோவில் உள்ள உராகவா ஊருக்குத் திரும்பி மண்ணில் அடக்கமாயின. அப்புறம் 2020-ல் ஹொக்கைடோவின் ஷிராவோய் ஊரில் அரசு திறந்த உபோபோய் என்ற ஐனு பண்பாட்டு மையத்தின் நினைவிடத்துக்கு மற்றவற்றில் பெரும்பகுதியை மாற்றினார்கள். அங்கே வைப்பது போதாது, தோண்டிய ஊருக்கே திருப்பித் தரவேண்டும் என்று ஐனுக்களில் பலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் கேட்பதுதான் நியாயம்.