புதிய தலைமுறை ப்ராசசர்: உங்கள் வேலை எதற்காகக் காத்திருக்கிறது?

கேள்வி: என்னிடம் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ், 32 ஜிபி டிடிஆர்4 ரேம். பெரிய சி++ ப்ராஜெக்ட் ஒன்றை நாள் முழுக்கக் கம்பைல் செய்வதுதான் (எழுதிய கோடை ஓடக்கூடிய ப்ரோக்ராமாக மாற்றுவதுதான்) என் வேலை. ஓய்வு நேரத்தில் வீடியோ எடிட்டிங், கொஞ்சம் கேம். ஏஎம்டியின் ஜென் 5 ப்ராசசர்களில் மைக்ரோஆர்க்கிடெக்சரையே, அதாவது உள் அமைப்பையே மாற்றிவிட்டார்கள், ஐ.பி.சி. (ஒரு க்ளாக் சுற்றில் முடியும் கட்டளைகளின் எண்ணிக்கை) 16 சதவீதம் கூடியிருக்கிறது என்கிறார்கள். மாறினால் என் வேலையும் 16 சதவீதம் வேகமாகுமா? இப்போதே மாறலாமா, அடுத்த தலைமுறைக்குப் பொறுத்திருக்கலாமா?

பதில்: கம்பைல் வேலைக்காக என்றால் மாறலாம், பலன் கண்ணுக்குத் தெரியும். கேமுக்காக மட்டும் என்றால் வேண்டாம். உங்கள் மதர்போர்டிலேயே அதற்கு வேறு வழி இருக்கிறது. வீடியோவைப் பொறுத்தவரை, எக்ஸ்போர்ட் வேலையை உங்கள் கணினியில் எது செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

16 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அது ஏஎம்டி தானே வெளியிட்ட சராசரி. பட்டியலில் சில வேலைகள் 10 சதவீதம்தான் கூடியிருந்தன, ஒன்று 35 வரை போனது. அதோடு, அந்த ஒப்பீடு ஜென் 4-உடன். உங்களுடையது அதற்கும் முந்தைய ஜென் 3. ஜென் 3-லிருந்து 4-க்கு ஏஎம்டி சொன்ன கணக்கு 13 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் ஒரே க்ளாக் வேகத்தில் சுமார் 31 சதவீதம் வருகிறது. 5600எக்ஸின் உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ், அதற்கு இணையான ஜென் 5 சிப்பான 9600எக்ஸுக்கு 5.4. அதையும் சேர்த்தால் காகிதத்தில் ஒன்றரை மடங்கு. ஆகவே உங்கள் கேள்விக்கு 16 என்பது பொருந்தாத எண். ஆனால் அந்த ஒன்றரை மடங்கு எல்லா வேலைக்கும் கிடைக்காது. ஏன் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம்.

ப்ராசசரில் கட்டளைகளை ஓட்டும் தனி அலகுதான் கோர். ஒரு கோருக்குள் கட்டளைகள் எழுதிய வரிசையிலேயே ஓடுவதில்லை. முன்பகுதி அவற்றை எடுத்து, உடைத்து, உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்தக் கட்டளைக்குத் தேவையான மதிப்பு தயாராகிவிட்டதோ அது முந்திக்கொண்டு ஓடிவிடும். பிறகு எல்லாவற்றையும் பழைய வரிசைக்குக் கொண்டுவர வேண்டுமே, அதற்காக அவை பதிந்திருக்கும் இடம்தான் ரீஆர்டர் பஃபர். உங்கள் ஜென் 3 ஒரு க்ளாக் சுற்றில் 6 மைக்ரோ கட்டளைகளை உள்ளே அனுப்பும், பஃபரில் 256 இடங்கள். ஜென் 5 சுற்றுக்கு 8 அனுப்பும், பஃபரில் 448 இடங்கள். முழு எண் கணக்குப் பிரிவுகள் 4-லிருந்து 6 ஆகியிருக்கின்றன. கோருக்கு மிக அருகில் இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான எல்1 டேட்டா கேஷ் 32 கேபியிலிருந்து 48 கேபி. இது மேல்பூச்சு மாற்றமில்லை. கோரையே அகலப்படுத்தியிருக்கிறார்கள்.

இந்த அகலம் எப்போது பயன்படும்? ஒரு பெரிய அரேயில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் இரட்டிப்பாக்கி எழுதும் லூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை, அடுத்த முகவரி எது என்பதும் முன்பே தெரியும். எண்கள் கேஷுக்குள் இருக்கும்வரை, கோர் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகமாக ஓடும். அதே எண்களை ஒரு லிங்க்டு லிஸ்ட்டில் சிதறிப் போட்டால் கதை வேறு. ஒரு கண்ணி வந்து சேர்ந்தால்தான் அடுத்தது எங்கே இருக்கிறது என்றே தெரியும். அந்தக் கண்ணி எல்1 கேஷில் இருந்தால் 4 சுற்றில் வந்துவிடும், அதைவிடப் பெரிய, மெதுவான எல்2 கேஷில் 14, அதற்கும் அடுத்த எல்3-இல் ஏறக்குறைய 50. ரேமுக்குப் போக வேண்டியதாகிவிட்டால் சுமார் 80 நானோ விநாடி. 5 கிகாஹெர்ட்ஸில் அது 400 சுற்று.

இந்த 400 சுற்றில் கோர் என்ன செய்யும்? காத்திருக்கும் கட்டளைக்குப் பின்னால் வருபவற்றை உள்ளே இழுத்து, முடிந்ததைச் செய்துவைக்கும். ஜென் 5-இல் சுற்றுக்கு 8 வீதம் போனால் 448 இடங்களும் 56 சுற்றில் நிரம்பிவிடும். ஜென் 3-இல் 43 சுற்றில். அதற்குப் பிறகு இரண்டு கோருமே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஜென் 5 கொண்ட டெஸ்க்டாப் ரைசன் 9000-இல், ரேமோடு பேசும் ஐஓ சிப் ஜென் 4 கொண்ட ரைசன் 7000-இல் இருந்த அதே சிப். கோர் மாறியது, ரேமுக்குப் போகும் பாதை மாறவில்லை. 2024 ஆகஸ்ட்டில் வெளிவந்தபோது பல கேம்களில் ஜென் 4-ஐவிடப் பெரிய முன்னேற்றம் தெரியாததற்கு இது முக்கியக் காரணம். அதே ஆண்டு நவம்பரில், எல்3 கேஷை 96 எம்பி ஆக்கி 9800எக்ஸ்3டி வந்ததும் அதே கோர் கேம்களில் பாய்ந்து முன்னால் போனது.

இன்டெல் பக்கமும் இதே பாடம்தான். 2024 அக்டோபரில் வந்த ஆரோ லேக்கில் லயன் கோவ் என்ற, முந்தையதைவிட அகலமான கோர். ஆனால் ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் தனி டைலுக்கு, அதாவது வேறொரு சிப் துண்டுக்குப் போனதால் ரேமுக்கான காத்திருப்பு நீண்டது. பல கேம்களில் அது பழைய 14900கே-வைத் தாண்டவில்லை.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். கம்பைலர் என்பது கிளைகள் (இப்படிப் போவதா, அப்படிப் போவதா என்று முடிவெடுக்கும் இடங்கள்) நிறைந்த, அளவில் மிகப் பெரிய ப்ரோக்ராம். அடுத்து எந்தக் கிளை என்று சரியாக ஊகிக்கும் பிராஞ்ச் ப்ரெடிக்டர், கோருக்கு 512 கேபியாக இருந்து 1 எம்பி ஆன எல்2 கேஷ், கூடுதல் க்ளாக் வேகம் மூன்றுமே அதற்கு உதவும். நிறைய ஃபைல்கள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆவதால் கோர்களின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். உங்கள் வேலைக்கு 6 கோரிலிருந்து 6 கோருக்கு மாறுவதைவிட 12 கோர் உள்ள 9900எக்ஸுக்குத் தாவுவதையே நான் சொல்வேன். ஆனால் அதற்கு முன் ஒரு முழு பில்டை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் கோர் வாரியான கிராஃபைத் திறந்துவைத்துப் பாருங்கள். கடைசியில், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் ஒரே ஒரு கோர் முழுதாக ஓட, மற்றவை சும்மா கிடக்கிறதா? அப்படியென்றால் முதலில் லிங்கரை மாற்றுங்கள். மோல்டு, எல்எல்டி போன்றவை பல கோர்களில் ஓடுபவை. ரேம் நிரம்பி டிஸ்க்குக்கு ஸ்வாப் ஆகிறதா என்றும் பாருங்கள். இவை எந்தப் புதிய சிப்பும் சரிசெய்யாத தாமதங்கள்.

இன்னும் ஆழமாகப் பார்க்க, லினக்ஸில் பெர்ஃப் ஸ்டாட் கட்டளையின் கீழ் உங்கள் ப்ரோக்ராமை ஓட்டினால், ஒரு சுற்றுக்கு எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்று காட்டும். விண்டோஸில் ஏஎம்டியின் யூப்ராஃப் இருக்கிறது. அந்த எண் 1-க்குக் கீழே இருந்தால் கோர் பெரும்பாலும் மெமரிக்காகவோ, தவறிப்போன கிளை ஊகத்தாலோ நின்றுகொண்டிருக்கிறது. 2, 3 என்று வந்தால் அகலமான கோருக்குத் தீனி இருக்கிறது என்று பொருள்.

வீடியோ எக்ஸ்போர்ட்டை கிராஃபிக்ஸ் கார்டின் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) செய்கிறது என்றால் ப்ராசசரை மாற்றி அதில் பெரிய மாற்றம் வராது. சாஃப்ட்வேர் என்கோடர் என்றால் வரும். ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளை ஜென் 5 டெஸ்க்டாப் சிப் முழு 512 பிட் அகலத்தில் ஓட்டுகிறது. ஜென் 4 அதை 256 பிட்டாக இரண்டு முறை ஓட்டியது, ஜென் 3-இல் அது கிடையவே கிடையாது. என்கோடர் அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேமுக்கு ஒரு சுலபமான சோதனை: ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். ஃப்ரேம் ரேட் தாவினால் அதுவரை தடையாக இருந்தது கிராஃபிக்ஸ் கார்டு. அசையவில்லை என்றால்தான் ப்ராசசர். அப்போதும் உங்கள் ஏஎம்4 சாக்கெட் போர்டில் பயாஸை அப்டேட் செய்துவிட்டு, 96 எம்பி எல்3 கொண்ட 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி கிடைத்தால் பொருத்தலாம். ரேமும் போர்டும் அப்படியே இருக்கும்.

லேப்டாப் பக்கம் பார்வை போனால் பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். ரைசன் 5 7520யூ-வில் இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 கோர். 7530யூ-வில் ஜென் 3. 7840யூ-வில் ஜென் 4. மூன்றுமே 7000 வரிசை. அந்த வரிசையில் கோர் எந்தத் தலைமுறை என்று சொல்வது மூன்றாவது இலக்கம். லேப்டாப்புக்கு வந்த ஸ்ட்ரிக்ஸ் பாயின்ட்டில் ஜென் 5 இருந்தாலும் ஏவிஎக்ஸ்-512 பாதை 256 பிட் அகலம்தான்.

பொறுத்திருப்பதைப் பற்றி: ஜென் 5-க்கு ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ரேமும் கட்டாயம், உங்கள் டிடிஆர்4 பொருந்தாது. பெரிய செலவு அந்த முதல் தாவலில்தான். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதைத் தாண்டியும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. கம்பைலுக்காகத் தினமும் காத்துக்கிடக்கிறீர்கள் என்றால், இப்போதே ஏஎம்5-க்குப் போய்விட்டு, தேவைப்பட்டால் பின்னாளில் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்வதே சரியான வழி.