வாடை வந்தால் குளோரின் அதிகமா? வீட்டு நீச்சல் குளம் – கேள்வி பதில்

கேள்வி: குளத்துப் பக்கம் போனாலே குளோரின் வாடை தூக்குகிறது, கண்ணும் எரிகிறது. ஒரு வாரம் குளோரின் போடாமல் விடலாமா?

விடாதீர்கள், இன்னும் மோசமாகும். அந்த வாடை குளோரினுடையது இல்லை. வியர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை. அதாவது, குளோரின் போதாமல் திணறுகிறது. டெஸ்ட் கிட்டில் (தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி) மொத்தக் குளோரினையும் தனிக் குளோரினையும் (எதோடும் சேராமல் வேலைக்குத் தயாராக இருப்பது) பாருங்கள். மொத்தம் 1.5, தனி 0.5 என்றால் நடுவில் இருக்கும் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரமைன்தான் குற்றவாளி. அதைப்போல பத்து மடங்கு, அதாவது 10 பிபிஎம் வரை ஒரே தடவையாக ஏற்றினால் குளோரமைன் உடைந்துவிடும். இதைத்தான் ஷாக் என்கிறோம். சூரியன் இறங்கியபின், பம்ப் ஓடும்போது செய்யுங்கள். அளவு 4-க்குக் கீழே வரும்வரை யாரும் இறங்க வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு போடுவது என்று எப்படிக் கணக்கிடுவது? நான் கைப்பிடி அளவுதான்.

கைப்பிடி கணக்கு சாம்பாருக்குச் சரி. 50,000 லிட்டர் குளத்தில் 1 பிபிஎம் ஏற்ற 50 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத லிக்விட் குளோரின் என்றால் அரை லிட்டர், 65 சதவீதத் துகள் என்றால் சுமார் 77 கிராம். லிக்விட் வெயிலில் வைத்தால் வீரியம் குறையும், பழைய கேனை நம்பாதீர்கள்.

கேள்வி: ஐயா, கிட்டில் 3 காட்டுகிறது, ஆனாலும் பாசி பிடிக்கிறது. மிதக்கும் மாத்திரைதான் ஆறு மாதமாகப் போடுகிறேன்.

மாத்திரை என்றதுமே புரிந்துவிட்டது. அதில் குளோரினோடு ஸ்டெபிலைசரும் (சயனூரிக் அமிலம்) இருக்கிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காப்பாற்றுவது அதுதான். அது இல்லாத குளத்தில் உச்சி வெயில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே ஸ்டெபிலைசர் 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லது. ஆனால் மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் போனால் 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் கூடவே போகும். குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் அப்படியே தங்கும். தினம் 2 பிபிஎம் குளோரின் என்றால் மாதம் 36 பிபிஎம் ஸ்டெபிலைசர் சேரும், மூன்றே மாதத்தில் நூறு தாண்டும். அப்போது கிட்டில் 3 இருந்தாலும் அது கட்டிப்போட்ட நாய் மாதிரிதான், குரைக்கும், கடிக்காது. மருந்து ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். பாதி போனால் ஸ்டெபிலைசரும் பாதியாகும். அப்புறம் லிக்விடுக்கு மாறிவிடுங்கள்.

பிஎச்-சையும் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) பாருங்கள். 7.5-ல் குளோரினில் ஏறத்தாழ பாதி வேலை செய்யும் வடிவில் இருக்கும், 8-ல் கால்வாசிதான். (இது ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீர்க் கணக்கு.) 7.2 முதல் 7.8-க்குள் வையுங்கள்.

கேள்வி: நேற்று இரவு நிறையப் போட்டேன். காலையில் சோதிக்க, கிட்டின் சொட்டு மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு ஒரு நொடி தெரிந்து மறைந்தது. குளோரினே இல்லையா?

இருக்கிறது, அதுவும் அளவுக்கு மேல். அதிகக் குளோரின் கிட்டின் நிறத்தையே வெளுத்துவிடும். குளத்துத் தண்ணீர் ஒரு பங்குக்குக் குளோரின் கலக்காத தண்ணீர் நான்கு பங்கு சேர்த்துச் சோதித்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள். இது தெரியாமல் நானே ஒருமுறை மேலும் ஊற்றி, நீச்சல் உடையை வெளுக்க வைத்தவன்.

கேள்வி: மகளின் முடி பச்சையாகிறது. குளோரினா?

பெரும்பாலும் தாமிரம். தாமிரம் கலந்த பாசி மருந்து போட்டால் நிறுத்துங்கள்.

கேள்வி: மாத்திரை தீர்ந்தது. அதே மிதவையில் துகளைப் போடலாமா?

கூடவே கூடாது! அந்த மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் துகளும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அதற்கு மிதவையில் ஒட்டியிருக்கும் மாத்திரை மிச்சமே போதும். அமிலத்தையும் குளோரின் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் விஷவாயு. துகளைக் கரைக்க வேண்டுமானால் வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் துகள்.