உடலே கிடைக்காத பாம்பர் வீரருக்கு எங்க நினைவிடம் இருக்கு?

இரண்டாம் உலகப்போர்ல செத்த பிரிட்டிஷ் பாம்பர் (குண்டு போடுற விமானம்) பையனுக்கு கல்லறையே இல்லன்னா எங்க போய் அஞ்சலி செலுத்துறதுன்னு கேட்டிருக்கீங்க. லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட்ல ஒரு நினைவகம் இருக்கு, 1953ல திறந்தது, கல்லறை தெரியாத 20,000 பேருக்கும் மேல விமானப்படை ஆளுங்களோட பேர கல்லுல வெட்டியிருக்காங்க.

ஏன் உடல் கிடைக்கலன்னா, ராத்திரில போன விமானம் கடல்ல விழுந்தா தேட இடமே இல்ல. லங்காஸ்டர்ங்கற பாம்பர் விமானத்துல 7 பேர், அதுல வாலு பக்கம் துப்பாக்கிக் கூண்டுல உக்காந்த கன்னர் (துப்பாக்கி சுடுறவர்) தனியா இருப்பாரு, அவரோட பாராசூட் பெரும்பாலும் கூண்டுக்கு வெளிய தான் தொங்கும், தீப்பிடிச்சா திரும்பி எட்டி எடுத்து மாட்டணும், நினைச்சாலே மனசு கனக்குது, நிறைய பேருக்கு இருபது வயசு சொச்சம் தான். பாம்பர் கமாண்ட்ங்கற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானப் பிரிவுல மட்டும் 55,000 பேருக்கு மேல செத்தாங்க.

நம்ம வீட்டுல இறந்தவங்க போட்டோவ சுவத்துல மாட்டி, அந்த நாள்ல அதுக்கு முன்னாடி நிக்கிறோம்ல, அந்த மாதிரிதான் இந்த பேரும், குடும்பத்துக்கு வந்து நிக்க ஒரு இடம்.

பேர் இருக்கறதால அங்க புதைச்சிருக்காங்கன்னு பலர் நினைக்கிறாங்க, அந்த சுவர்ல உள்ள யாரையும் அங்க புதைக்கல.